பாயின்ட்ஸ் அண்ணாச்சி

எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் நாலு குடும்பம் சேர்ந்து சாப்பிட்டு முடித்து பில் வந்ததும், மற்றவர்கள் கை பைக்குள் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் ஒரு கை மட்டும் பாய்ந்து அதைப் பிடுங்கும். ஊருக்குப் புதியவர்கள் நெகிழ்ந்து போவார்கள். "நான் கார்டுல போடுதேன், நீங்க எல்லாரும் எனக்கு ஸெல்லுல பணம் அனுப்பிருங்க" என்று அடுத்த பேச்சு வரும்போதுதான் ஆள் யாரென்று தெரியும். ஓட்டல் செலவுக்கு அந்தக் கார்டில் டாலருக்கு மூன்று பாயின்ட். நெய் ரோஸ்ட் நம் வயிற்றில், பாயின்ட் அவர் கணக்கில்.

நியூ ஜெர்சியில் தமிழர் குடியிருக்கும் தெருவுக்கு ஒரு பாயின்ட்ஸ் அண்ணாச்சி நிச்சயம் உண்டு. அமெரிக்காவிலேயே அதிகச் சொத்து வரி வாங்கும் மாநிலம் இது. ஊரே புலம்பிக்கொண்டு கட்டும் வரியை இவர் மட்டும் முகம் மலரக் கட்டுவார். புதுக் கார்டு வாங்கி 3 மாதத்தில் 4,000 டாலர் செலவழித்தால் 60,000 பாயின்ட். அவ்வளவு செலவழிக்க வரியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? 24 மாதத்துக்குள் 5 கார்டு வாங்கிவிட்டால் ஆறாவது கிடைக்காது என்று ஒரு பெரிய வங்கியில் விதி. அப்போது மதினி பேரில் விண்ணப்பம் போகும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் வட்டாரத்தில் மனைவிக்கு 'ப்ளேயர் டூ' என்று பெயர். அண்ணாச்சியின் போனிலும் மதினியின் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

2023 கோடை விடுமுறைக்கு மதினி கேட்டது ரோம். பிள்ளைகள் கேட்டது பாரிஸ். பாயின்ட்டுக்கு விமான சீட்டு கிடைத்தது துப்ரோவ்னிக்குக்கு. குரோஷியாவில் ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய பழைய கோட்டை நகரம். நியூவார்க்கிலிருந்து யுனைடெட் 2021 முதல் கோடைக்கு மட்டும் நேரடி விமானம் விடுகிறது. சாயங்கால விமானத்துக்கு மத்தியானமே போய், கார்டுக்குச் சாப்பாடு இலவசமான லவுஞ்சில் உட்கார்ந்தார்கள். வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை. தட்டுத் தட்டாக வாங்கி வந்து, "இது வெளிய முப்பது டாலர், நல்லா சாப்பிடு டே" என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தாராம்.

போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே சோதனை. நகரைச் சுற்றியிருக்கும் மதில் 1,940 மீட்டர். சில இடங்களில் 25 மீட்டர் உயரம். அதன் மேல் நடக்க அப்போது ஆளுக்கு 35 யூரோ. பாயின்ட் செல்லாது. சொந்தத் துட்டைத் தொட்டு எத்தனையோ நாளாகிவிட்ட மனிதர், டிக்கெட் ஜன்னல் முன்னால் கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்போதுதான் பக்கத்துப் பலகை கண்ணில் பட்டது. மதில், அருங்காட்சியகங்கள், டவுன் பஸ் எல்லாம் சேர்ந்த ஒரு நாள் பாஸும் அதே 35 யூரோ!

அன்றைக்கு அந்தக் குடும்பம் பட்ட பாட்டை மதினி வாயால் கேட்க வேண்டும். வெயிலில் மதிலைச் சுற்றி முடித்து, கடல் வாணிப அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பழைய தானியக் களஞ்சியத்தில் இருக்கும் இன்னொரு அருங்காட்சியகம் என்று பாஸில் இருந்த எதையும் விடவில்லை. போகாத இடமெல்லாம் நஷ்டக் கணக்கு அல்லவா? அந்தக் காலத்தில் அந்த ஊரை ஆண்ட ரெக்டர் என்ற தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம், அது முடியும்வரை அரசாங்க வேலையில்லாமல் அரண்மனையை விட்டு வெளியே வரக்கூடாது என்று அங்கே சொன்னார்களாம். "ஒரு மாசம் நடக்கவே வேண்டாமா? குடுத்து வச்ச மனுசன்" என்று மதினி அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி மனதைத் தொட்ட வரலாறு வேறு. ரகூசா என்ற பெயரில் அந்த ஊர் 1808 வரை குடியரசு. ஆண்டுதோறும் துருக்கி சுல்தானுக்கு 12,500 டுகாட் கப்பம் கட்டிவிட்டு, அவருடைய சாம்ராஜ்யம் முழுக்கச் சலுகைச் சுங்கத்தில் வியாபாரம் செய்த கெட்டிக்காரர்கள். "வருசக் கட்டணம் கட்டி பெனிஃபிட் எடுத்திருக்கானுவ டே! நம்ம ஆளுவ!" என்று இப்போது சொல்லும்போதும் அவருக்குக் குரல் தழுதழுக்கிறது. சுற்றுலாப் பயணியின் கண்ணில் ஊர் எப்படிப் பட்டாலும், இந்த ஒன்றை அவர் சரியாகவே பிடித்தார் என்பேன். லோவ்ரியெனாட்ஸ் கோட்டை வாசலில், உலகத்துத் தங்கம் அத்தனைக்கும் சுதந்திரத்தை விற்கலாகாது என்று லத்தீனில் செதுக்கியிருக்கிறது. அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்ட மதினி, "தங்கத்துக்குத்தானே வேண்டாம்னான்? பாயின்ட்டுக்குக் குடுத்திருப்பான், உங்க ஆளு" என்றாளாம்.

மதினி கால் கொப்புளத்துக்குக் களிம்பு வாங்கப் போனது 1317இல் பிரான்சிஸ்கன் துறவிகள் ஆரம்பித்து இன்றும் நடக்கும் மருந்துக் கடையில். எழுநூறு வருடப் பழமை அண்ணாச்சியை அசைக்கவில்லை. மருந்துக் கடை என்றால் டாலருக்கு மூன்று பாயின்ட் தரும் கார்டு ஒன்று பர்ஸில் இருந்தது. அதைத்தான் பரவசத்தோடு நீட்டினார். அந்தக் கார்டுக்கு வெளிநாட்டில் 3 சதவீதம் கட்டணம் உண்டென்பது ராத்திரி ஹோட்டலில்தான் ஞாபகம் வந்தது. கொப்புளம் மதினிக்கு, தூக்கம் போனது இவருக்கு.

ஊர் எப்படியிருந்தது என்று பொங்கல் விழாவில் கேட்டேன். "காசு குடுத்துப் போயிருந்தா ஆறாயிரம் டாலர்" என்றார். நியூவார்க்கிலிருந்து பலெர்மோவுக்கும் 2025இல் நேரடி விமானம் வந்த பிறகு ஆளையே பிடிக்க முடியவில்லை. பலெர்மோ எங்கே அண்ணாச்சி இருக்கிறது என்றேன்.

"அதெல்லாம் எறங்கிப் பாத்துக்கிடலாம். ஒனக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன், அதுல போயி கார்டு எடு. எனக்குப் பத்தாயிரம் விழும்."