கோட்டு தைக்கக் குடுத்த கண்ணுங்களுக்கு

பார் கவுன்சில்ல பேரு பதிஞ்சாச்சு, கறுப்பு கோட்டும் தைக்கக் குடுத்தாச்சு. அப்புறம் இன்னா கண்ணு, நேரா ஜட்ஜ் நாற்காலிதானே? ஓகோ, அதுக்கு முன்னாடி வேலைன்னு ஒண்ணு வேணுமா! அதுக்குத்தான் ராத்திரி பூரா மொட்டை மாடியில இங்கிலீஷ்ல தனியா பேசிக்கினு நடக்கறியா? நானும் பேய் புடிச்சுடுச்சோன்னு வேப்பிலை தேடினேன்.

தாம்பரம் பக்கம் அகரம்தென்ல திண்ணை தேய்க்கிற கிழவனுக்கு லா ஃபர்மைப் பத்தி இன்னா தெரியும்னு சிரிக்காத. ஒரு வரப்புத் தகராறை வெச்சுக்கினு தாம்பரம் கோர்ட்டு, செங்கல்பட்டு, ஐகோர்ட்டுன்னு படி ஏறினவன் நான். கட்சிக்காரன் பெஞ்சுல உக்காந்து பார்த்தா, எந்த ஜூனியர் தேறுவான், எவன் ஆறே மாசத்துல இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆவான்னு சீனியருக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சுடும்.

மொதல்ல உன் நெலமையைப் புரிஞ்சுக்க. பெருங்குடியில சட்டப் பல்கலைக்கழகம், 2018-ல பாரிமுனையை விட்டுப் புதுப்பாக்கம் வந்த அரசு சட்டக் கல்லூரி, காட்டாங்குளத்தூர்ல ஒண்ணு, கேளம்பாக்கம் ரோட்டுல ஒண்ணு. நம்ம தெக்குப் பக்கம் மட்டுமே வருசா வருசம் ஒரு ரயில் வக்கீலுங்க எறங்கறாங்க. லண்டன்ல சொலிசிட்டர் ஆவணும்னா 2 வருசம் ஆபீசுல தொழில் பழகியே தீரணும். பம்பாயில இன்னைக்கும் சொலிசிட்டர் பரீட்சையும் ஆர்ட்டிக்கிள்ஷிப்பும் இருக்குது. இங்க? புதுசா வர்றவனுக்கு ஒரு வருசம் கட்டாயப் பயிற்சின்னு 1995-ல அகில இந்திய பார் கவுன்சில் விதி போட்டுது. அப்படிப் போட உனக்கு அதிகாரம் கிடையாதுன்னு 1999-ல சுப்ரீம் கோர்ட்டு தூக்கிக் கடாசிடுச்சு. ஆக, உனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தே ஆவணும்னு எந்த சீனியருக்கும் தலையெழுத்து இல்ல. அவருக்கா உன் மேல ஆசை வரணும்.

அந்த ஆசை வர்ற மாதிரியா கீது நீ அனுப்பின மெயிலு? 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்'னு ஆரம்பிக்கிற. சாரா மேடமான்னு ஆபீஸ் போர்டைப் பார்த்தாலே தெரியுமே! ஊர்ல இருக்கற அத்தனை ஃபர்ம் அட்ரஸும் ஒரே வரிசையில நிக்குது. ஒவ்வொருத்தரும் மத்தவங்களைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கலாம். 'உங்கள் புகழ்பெற்ற கடல்சார் வழக்குப் பிரிவில் சேர ஆவல்'னு நீ எழுதின எடத்துல செக் கேஸும் விவாகரத்தும் தவிர வேற ஒண்ணுமே இல்லடா. ஆயிரம் கல்யாணப் பத்திரிகை அடிச்சாலும் உறை மேல பேரைக் கையாலதான் எழுதறோம். உனக்கு அதுக்குக்கூட சோம்பல்.

ஐகோர்ட்டு காஸ் லிஸ்ட்டு தினமும் நெட்டுல வருது. நீ சேரணும்னு நினைக்கிற வக்கீல் எந்தக் கோர்ட்டுல, எந்த மாதிரி கேஸுல வர்றாருன்னு ஒரு வாரம் பாரு. அப்புறம் மூணே பாரா எழுது: நீ யாரு, கையால இன்னா வேலை செஞ்சிருக்க, இந்த ஆபீசுக்கு ஏன் வர்ற. வெபினார்ல கேமராவை அணைச்சுட்டுத் தூங்கி வாங்கின சர்ட்டிபிகேட்டையெல்லாம் பீரோவுலயே வை.

இன்டர்ன்ஷிப் சமாச்சாரத்துக்கு வருவோம். மூணு வருசப் படிப்புக்கு 12 வாரம், அஞ்சு வருசப் படிப்புக்கு 20 வாரம் போவணும்னு விதி. நம்ம பசங்க மாமா ஆபீசுல சீல் குத்திக்கினு அந்த வாரத்தையெல்லாம் வேளச்சேரி மால்ல கழிச்சவங்க. அப்படி ஒரு சிங்கம் இன்டர்வியூ போச்சு. "பைலிங் பழகினதா எழுதியிருக்கீங்களே, ரிட்டர்ன் ஆச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. கோர்ட்டு செக்‌ஷன்ல குறை கண்டுபுடிச்சு மனுவைத் திருப்பிக் குடுக்கறதுக்குப் பேரு ரிட்டர்ன்னு வராண்டாவுல டீ விக்கிறவருக்குக்கூடத் தெரியும். இது, "இன்கம் டாக்ஸ் ரிட்டர்னா சார்?"னு கேட்டுட்டு வந்துது.

இப்ப கிட்ட வந்து உக்காரு, விசயத்தைச் சொல்றேன். தாம்பரம், வண்டலூர், படப்பைன்னு ஏரிக்கரை வரைக்கும் ஃபிளாட்டு மொளைச்சிருக்குது. அத்தனைக்கும் எவனோ ஒருத்தன் பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதியிருக்கான். நம்ம பக்கத்துல ஆபீசுங்களுக்குச் சோறு போடறதே அந்த வேலைதான். உன் பயோடேட்டாவுல 'டைட்டில் டியூ டிலிஜென்ஸ்'னு கொட்டை எழுத்துல இருக்குது. எங்க, இந்த வில்லங்கச் சான்றைப் படி பார்ப்போம். தாய்ப்பத்திரம் எது? பட்டாவுல ஒரு சர்வே நம்பர், பத்திரத்துல இன்னொரு நம்பர், எதனால? நிலக் கணக்கையெல்லாம் புதுசா எழுதின யூ.டி.ஆர்.னு ஒண்ணு நடந்துதே, கேள்விப்பட்டிருக்கியா? புலப்படத்துல வடக்கு எந்தப் பக்கம்?

இன்டர்வியூவுல ஃபர்ம் பார்ட்னர் அம்மா ஒருத்தங்க இப்படி ஒரு பேப்பரை உன் முன்னாடி நகர்த்துவாங்க: பூர்வீகச் சொத்து, அப்பாவும் ரெண்டு அண்ணன் தம்பியும் 1992-ல பதிவு பண்ணின பாகப்பிரிவினை. வீட்டுல ஒரு பொண்ணும் உண்டு, பத்திரத்துல அவ கையெழுத்து இல்ல. வாங்கலாமா, கூடாதா? நீ உடனே பொண்ணுக்கும் சமபங்குன்னு சொன்ன 2005 சட்டம், 2020 வினீதா சர்மா தீர்ப்புன்னு மனப்பாடத்தை ஒப்பிப்ப. அவங்க கொட்டாவி விடுவாங்க. கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?" தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு 1989-லயே வந்துடுச்சு. அந்த வருசம் மார்ச் 25-க்கு முன்னாடி தாலி கட்டினவளுக்குத்தான் அந்தச் சட்டத்துல எடமில்ல. தங்கச்சிக்குப் பங்கு குடுக்காம பத்திரம் போட்டுட்டு அப்புறம் கோர்ட்டுக்கு நடந்த குடும்பம் எங்க தெருவுல வீட்டுக்கு வீடு உண்டு. பாட்டி வெத்தலை இடிச்சுக்கினே சொன்ன கதையை நீ காதுல வாங்கியிருந்தா, அந்த எடத்துல நிமிர்ந்து உக்காந்திருப்ப. நீதான் காதுல ஒயரை மாட்டிக்கினு இருந்தியே!

கிரிமினல் பக்கம் போறவனும் துள்ளாத. நானூத்தி இருபதுன்னு நான் எவனையாவது திட்டலாம், நீ சொல்லக் கூடாது. 2024 ஜூலை 1-லருந்து புதுச் சட்டத்துல அது 318(4).

"அஞ்சு வருசம் கழிச்சு உங்களை எங்க பார்க்கறீங்க?"ன்னு ஒரு கேள்வி வரும். "இந்த ஃபர்ம்லயே வளரணும் சார்"னு உருகுவ. பையில சிவில் ஜட்ஜ் பரீட்சை கைடு எட்டிப் பார்க்கும். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, 3 வருசம் தொழில் பண்ணினாத்தான் அந்தப் பரீட்சை எழுத முடியும்னு. நீ ஏன் திடீர்னு சீனியர் தேடறேன்னு அவருக்கும் தெரியும். தொழில் பண்ணினேன்னு சான்றிதழ்ல 10 வருசம் அனுபவமுள்ள வக்கீலும் கையெழுத்துப் போடலாம். ஆசை இருந்தா மறைக்காம சொல்லிடு. பொய்யைக் கண்டுபுடிக்கிறதையே பொழப்பா வெச்சிருக்கற ஆளுகிட்ட போய்ப் பொய் சொல்லுவாங்களா?

இன்டர்வியூ அன்னிக்கு கோட்டை மாட்டிக்கினு மின்சார ரயில்ல ஏறிடாத. பல்லாவரம் தாண்டறதுக்குள்ள ஊறுகா ஆயிடுவ. மடிச்சு எடுத்துக்கினு போ.

கடைசியா துட்டு. கேக்கறதுக்கு வெக்கப்படாத. 2024 ஜூன்ல ஐகோர்ட்டு சொல்லிச்சு: ஜூனியருக்கு மாசம் சென்னை, மதுரை, கோயமுத்தூர்ல 20,000 ரூபாய், மத்த மாவட்டத்துல 15,000 ரூபாய்க்குக் குறையாம குடுக்கணும்னு. இதுல நம்மூர் கூத்து ஒண்ணு இருக்குது. ஃபிளாட்டு விக்கிறப்போ தாம்பரம் 'சென்னையின் இதயம்'. ஜூனியருக்குக் குடுக்கறப்போ மட்டும் அது செங்கல்பட்டு மாவட்டம்! எந்த ஊரு கணக்குன்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு, மெயில்ல வாங்கிக்க. வாய் வார்த்தையை நம்பின வக்கீல்னு உன்னைப் பார்த்து நான் சிரிக்கக் கூடாது.

சீனியர் ஐயாமாரே, அம்மாமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்க புள்ளைங்க காலையில ரயில்ல தொங்கிக்கினு வந்து, சாயங்காலம் உங்க கேஸ் கட்டைத் தூக்கிக்கினு போவுதுங்க. திட்டுங்க, தொழிலைச் சொல்லிக் குடுங்க. ஆனா மாசக் கடைசியில, "அனுபவம்தாம்பா பெரிய சம்பளம்"னு மட்டும் சொல்லாதீங்க. தாம்பரம் மார்க்கெட்டுல அதுக்குக் கால் கிலோ தக்காளிகூடக் குடுக்க மாட்டேங்கறான்.