ரேட்டு அண்ணாச்சி

வெளிநாட்டிலிருந்து வந்தவனைத் தெருவில் பார்த்தால், "எப்பம் மக்கா வந்த? சொகமா?" என்று கேட்பது நாஞ்சில் நாட்டு மரியாதை. "எவ்வளவுக்கு எடுத்த?" என்று கேட்டுவிட்டு அதன் பிறகு சுகம் விசாரிப்பவர் ரேட்டு அண்ணாச்சி. சில நாள் சுகம் விசாரிக்க மறந்தும் போவார்.

வடசேரி, கோட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒருவர் கண்டிப்பாகத் தட்டுப்படுவார். மடித்துக் கட்டிய சாரம், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் போன். ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பராகப் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்று வந்தவராக இருப்பார். கல்ஃபில் ஆள் இல்லாத குடும்பத்தை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் அவருக்கு வேலையில்லாத நாள் கிடையாது. துபாய்க்கு மலிவாக டிக்கெட் வேண்டுமா? டிராவல்ஸ் ஆபீசுக்குப் போகும் முன் ஜனம் அவர் வீட்டு நடையில்தான் ஏறும். கமிஷன் வாங்க மாட்டார். ஒரு கட்டன் சாயா கொடுத்து, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டால் போதும். கமிஷனே மேல் என்று பிற்பாடு சிலர் சொல்வதுண்டு.

நீங்கள் என்ன விலைக்கு எடுத்திருந்தாலும் அவர் உச்சுக் கொட்டுவார். பதினாலாயிரம் என்றால், "சவம், ரெண்டாயிரம் கூடுதலு". பன்னிரண்டு என்றால், "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?" அவருடைய சம்மதத்தோடு மனிதகுலம் டிக்கெட் எடுத்தது ஒரே ஒரு முறைதான். 1990-இல் குவைத் யுத்தத்தின்போது அம்மான் நகரத்திலிருந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அரசாங்கம் விமானம் வைத்துக் கூட்டிவந்ததே, அப்போது. "அது ஒண்ணுதான் ஞாயமான ரேட்டு" என்பார்.

அவருக்கு ஒரு சரித்திரக் குறையும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து கன்னியாகுமரி பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. "மாவட்டத்தப் போராடி வாங்கினோம். ஏர்போர்ட்ட எழுதி வாங்க விட்டுட்டோம் கேட்டியா?" திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கும் இடம் உண்டானது 1932-இல், திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில். நாஞ்சில் நாடுதான் அந்த ராஜ்ஜியத்தின் நெற்களஞ்சியம். "நம்ம நெல்லத் தின்னுதானே அவனுவ ஏரோப்பிளேன் விட்டானுவ? அதுல நமக்குப் பங்கு இல்லியா?" இன்றைக்கும் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு விமான நிலையம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர் தாண்டி, களியக்காவிளையில் மாநிலத்தையும் தாண்டித்தான் நாங்கள் உலகத்துக்குள் நுழைய வேண்டும். 2024 ஜூலை முதல் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறவர்களிடமும் பயணிக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் அண்ணாச்சி இரவுக் கஞ்சி குடிக்கவில்லை. "போறவன்ட்ட வாங்கு. வீட்டுக்கு வாறவன்ட்டயுமாலே?"

குறை இருந்தாலும் அந்த விமான நிலையத்தை அவர் தரவாட்டுச் சொத்துப்போலத்தான் பேசுவார். பெருநகரங்கள் நான்கையும் விட்டால் நாட்டில் முதன்முதலாகச் சர்வதேச அந்தஸ்து பெற்றது, 1991-இல், அதுதான் என்பார். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் விமானத்தை 2005 ஏப்ரல் 29-இல் அங்கிருந்துதான் அபுதாபிக்கு விட்டது என்பார். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது ஊர்வலம் ஓடுபாதை வழியாகவே போகும். சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைப்பார்கள். அந்த இரண்டு நாளையும் அண்ணாச்சி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பார். "சாமி குளிக்கப் போனா எமிரேட்ஸும் காத்து நிக்கணும்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ராஜ விசுவாசம் தெரியும்.

இனி அவருடைய சாஸ்திரம். முதல் விதி: டிக்கெட் தேடுவது போனுக்குத் தெரியக் கூடாது. ரகசிய ஜன்னலைத் திறந்துதான் தேட வேண்டும். இரண்டு தடவை பார்த்தால் கம்ப்யூட்டர் நம் ஆசையை மோப்பம் பிடித்து விலையை ஏற்றிவிடுமாம். அதனால் "துபாய்" என்ற வார்த்தையைக்கூட மெதுவாகத்தான் உச்சரிப்பார். உண்மையில் விலை ஏறுவது நம் முகத்தைப் பார்த்து அல்ல. ஒரே விமானத்தில், ஒரே மாதிரி இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்துவைத்திருப்பார்கள். கீழடுக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த அடுக்கு திறக்கும். 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்ப்யூட்டரை வைத்துப் பெரிய அளவில் நடத்திக்காட்டிய இந்த வித்தையைத்தான் இன்று உலகமே செய்கிறது. பக்கத்தில் இருக்கிறவர் உங்களைவிடப் பாதி விலைக்கு எடுத்திருப்பதன் காரணம் இதுவே. அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் நாலு மணி நேரப் பயணம் நிம்மதியாகப் போகும்.

அடுக்கு விஷயம் அண்ணாச்சிக்கும் தெரியும். தெரிந்ததால் வந்த வினை இரண்டாம் விதி: குடும்பமாகப் போனாலும் ஒவ்வொருவராகத் தேடு. கீழடுக்கில் இரண்டு சீட்டுதான் மிச்சம் என்றால், ஐந்து பேருக்குச் சேர்த்துக் கேட்கும்போது ஐந்துக்கும் மேலடுக்கு விலையைத்தான் காட்டும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பேராவது மலிவில் போகலாம். இது சரியான யோசனை. இந்த யோசனைப்படி போன ஒரு குடும்பத்தில் தாத்தா நாலாம் வரிசையில் இருந்தார், பாட்டி இருபத்தேழாம் வரிசையில். தாத்தாவின் பிரஷர் மாத்திரை பாட்டியின் பையில். அது ஒவ்வொரு வரிசையாகக் கைமாறி வந்து சேர்ந்தபோது கீழே அரபிக் கடல் பாதி முடிந்திருந்தது.

மூன்றாம் விதி நாள் பார்ப்பது. செவ்வாயோ வெறுவாயோ என்று பெரியவர்கள் ஒதுக்கிய கிழமைதான் அண்ணாச்சிக்கு முகூர்த்த நாள். வார நடுவில் கூட்டம் குறைவு, விலையும் இறங்கும் என்பது பொதுவாக உண்மைதான். அதற்கு மேல் அவர் கட்டிய மாளிகைதான் அவருடையது. கல்ஃபில் வெள்ளிக்கிழமை லீவு என்று முப்பது வருஷமாகக் கணக்குப் போட்டுவைத்திருந்தார். 2022 ஜனவரி 1 முதல் அமீரகம் வார விடுமுறையை சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளியை அரைநாளாக்கியபோது, சொத்தில் பாதியைப் பறிகொடுத்தவராகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

நான்காம் விதி: நேர்வழி ஆகாது. துபாய்க்கு விலை கூடினால் ஷார்ஜாவில் இறங்கு. பக்கத்து ஊர்தான், அந்த ரோட்டு நெரிசலை மட்டும் அவர் சொல்லாமல் விடுவார். திருவனந்தபுரத்தில் கூடினால் மதுரைக்குப் போ, திருச்சிக்குப் போ, நெடும்பாசேரிக்குப் போ. டிக்கெட்டில் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க கார் வாடகை ஐயாயிரம் ஆகுமே அண்ணாச்சி என்றால், "அது ரோட்டுச் செலவு. டிக்கெட்டு வேற, ரோடு வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத" என்பார். அவருடைய உச்ச சாதனை கொழும்பு வழி. திருவனந்தபுரத்துக்கும் கொழும்புக்கும் படத்தில் ஒரு கோடு இழுத்தால் அது ஏறக்குறைய நாகர்கோவிலுக்கு மேலேதான் போகும். ஆக, அவர் பேச்சைக் கேட்ட நாகர்கோவில் பையன் ஒருவன் ராத்திரி காரில் எழுபது கிலோமீட்டர் வடமேற்கே போய், அங்கிருந்து விமானத்தில் தன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலாகவே தென்கிழக்கே வந்து, கொழும்பில் கொட்டாவி விட்டுக் காத்திருந்து, மறுபடி வடமேற்கே திரும்பி துபாய் போய்ச் சேர்ந்தான். மிச்சம் ஆயிரத்து எண்ணூறு. கொழும்பில் சாயாவும் வடையும் தின்ற கணக்கு தனி.

இத்தனை விதியையும் பிழிந்தால் கடைசியில் ஒரு சொட்டுதான் விழும். அதை அண்ணாச்சியே சொல்வார்: "ஊரு வாற நேரம் நீ போவணும். ஊரு போற நேரம் நீ வரணும்." ஜூலையில் அமீரகத்துப் பள்ளிக்கூடங்கள் அடைத்தால் குடும்பம் குடும்பமாக இங்கே வரும், அப்போது இங்கிருந்து போகிற விமானத்தில் விலை தணியும். ஆகஸ்ட் கடைசியில் எல்லாரும் திரும்பும்போது தலைகீழ். ஓணம், பெருநாள், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மலிவு டிக்கெட் என்பது ஒருத்தரும் விரும்பாத நாளுக்கான டிக்கெட். அண்ணாச்சி சொல் கேட்டு நடந்தவர்கள் பணத்தை மிச்சம் பிடித்தார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வர வேண்டியவன் கொடி இறங்கி, கடைக்காரன் பந்தலைப் பிரிக்கும்போது வந்து நின்றான். சுசீந்திரம் மார்கழித் தேருக்கு வர வேண்டியவன் தை பிறந்து வந்து, நிலையில் நிற்கும் தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு பிப்ரவரி நடுவில்தான் ரேட் ஒத்துவந்தது. ஜோசியர் குறித்த தேதியை அண்ணாச்சி திருத்தினார். ஜோசியர் முதலில் கோபித்தார். பிறகு தன் மகனுக்கு மஸ்கட் டிக்கெட் எப்போது பார்க்கலாம் என்று விசாரித்தார்.

டிக்கெட் கிடைத்த பிறகு லக்கேஜ் பர்வம். விலையைவிட அண்ணாச்சிக்குப் பிரியமானது கிலோ. முப்பது கிலோ என்றால் முப்பதும் போக வேண்டும். இருபத்தொன்பதரையில் பெட்டியை மூடுகிறவன் ஏமாளி. தொங்கு தராசில் பெட்டியை மாட்டிவிட்டு மூச்சைப் பிடித்து நிற்பார். ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சப்பம், கருப்பட்டி, மீன் ஊறுகாய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப்பழம் ஒரு சீப்பு. கொப்பரை வைக்க விடமாட்டார்: அதில் உள்ள எண்ணெய் தீப்பற்றும் என்று விமானத்தில் தடை. கசகசா ஒரு மணி இருக்கக் கூடாது: அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். இந்த இரண்டு விஷயத்தில் அவர் சொல்வதை அப்படியே கேட்கலாம். கையில் கொண்டுபோகும் ஏழு கிலோ மிஞ்சினால் மட்டும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். மூன்று சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகச் சொல்வார். ஏப்ரல் மாதத்தில்.

ஊருக்கெல்லாம் டிக்கெட் பார்த்த அண்ணாச்சியின் மகள் துபாயில்தான் இருக்கிறாள். அங்கேயே பிரசவம். பேரனைக் கூட்டி வந்து மொட்டை போட்டு, காது குத்த வேண்டும். ஓணத்துக்கு வரட்டுமா என்று கேட்டாள். "ஓணத்துக்கு எவனாவது டிக்கெட் எடுப்பானா மக்கா? ரேட்டு எறங்கட்டும்." கிறிஸ்துமசுக்குக் கேட்டாள். "அப்பம் தீ வெல. தை கழியட்டும்." தை கழிந்தது, பெருநாள் வந்தது. பெருநாள் கழிந்தது, பள்ளிக்கூட லீவு வந்தது. பேரன் குப்புற விழுந்ததையும், தவழ்ந்ததையும், நடந்ததையும், தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதையும் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மைனி, வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். அதே போனில், அதே நேரத்தில், மேலே ஒரு ஓரமாக அண்ணாச்சி ரேட் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, இவனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சாச்சு. இனி மடியில இருத்திக் கொண்டுவர விடமாட்டானுவ. சின்ன காசுல காரியம் முடியாது. தனி சீட்டு எடுக்கணும்."

அண்ணாச்சி கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். நோட்டைப் புரட்டினார். நாங்கள் பேசாமல் இருந்தோம். ரொம்ப நேரம் கழித்து அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"தனி சீட்டுன்னா அவனுக்குன்னு தனியா முப்பது கிலோ உண்டுல்லா? அப்பம் திரும்பிப் போம்ப கருப்பட்டி கூட ரெண்டு கிலோ வைக்கலாமே!"

அடுக்களையிலிருந்து மைனி கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "ரெண்டு வருசமா ரேட்டு எறங்கினது போதும். பாஸ்போர்ட்டு எனக்கும் இருக்கு. நாளைக்கே என்னை ஏத்தி விடுங்க. நான் போய் எனக்க பேரனப் பாத்துக்கிடுகேன்."

அண்ணாச்சி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒன்வேயா, ரிட்டர்னா?"