காசுக்காக எழுதாதவர்

"நான் என்ன, காசுக்கா எழுதுறேன்?" என்று அவர் கேட்டால் எதிரே நிற்பவர் தலை தானாகக் குனிந்துகொள்ளும். கேட்டவர் துறவி, கேட்கப்பட்டவர் வட்டிக்கடைக்காரர் என்று ஒரு நொடியில் ஆகிவிடுகிறது. வாரத்தில் ஐந்து நாள் அவர் தமிழ்ப்பள்ளி வாத்தியார், அல்லது நில அலுவலகத்தில் கிராணி, அல்லது தபால் நிலைய முகப்பிடத்தில் உட்கார்ந்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுத்தாளர். ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒருவராவது இருப்பார். சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் கண்டிப்பாக உண்டு. ஞாயிறு பதிப்புக்குக் கட்டுரை அனுப்பும்போது அவர் பணம் கேட்கமாட்டார். கேட்பது ஒன்றே ஒன்று: "படம் போட்டுடுங்க." அந்தப் படம் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. பக்கத்தில் நின்றவரை வெட்டியிருந்தாலும் அவருடைய பட்டுச் சட்டைத் தோள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எடுத்த காலத்தில் அவருக்கு முடி இருந்தது என்பதால் புதுப்படம் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. நேர்முகமாக ஒன்று, கன்னத்தில் கைவைத்தது ஒன்று, புத்தக அலமாரிக்கு முன்னால் ஒன்று என மூன்றை அனுப்பி, "எது பொருத்தமோ அதைப் பார்த்துப் போடுங்க" என்பார். கன்னத்தில் கைவைத்ததைப் போடாவிட்டால் மனம் வாடுவார். கட்டுரையின் கடைசி இரண்டு பத்திகளை இடமில்லை என்று வெட்டிவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. படத்தை விட்டுவிட்டாலோ, வேறொருவர் படத்தை மாற்றிப் போட்டுவிட்டாலோ, திங்கட்கிழமை காலை ஆசிரியர் குழுவில் யாரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க முடியாது. பத்திரிகையில் ஐந்து பிரதி வாங்குவார். பக்கத்தைப் படம் பிடித்து, தான் இருக்கும் எல்லாப் புலனக் குழுவிலும் வணக்கத்தோடு போடுவார். குடியிருப்புப் பகுதியின் குப்பை வண்டி நேரத்தை அறிவிக்கும் குழுவும் அதில் அடக்கம். ஆக, செய்த வேலைக்குக் கூலி வாங்காததோடு, செய்த வேலையைப் பார்க்கவும் கையிலிருந்து காசு கொடுக்கும் தொழிலாளி இந்த நாட்டில் அவர் ஒருவர்தான்.

புனைபெயர், மடிக்கணினி, 'அடுத்து நாவல்தான்' என்ற அறிவிப்பு இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்கக் கூடாதது 'காசுக்கா எழுதுறேன்?' என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். ஏனென்றால் அது உண்மையில்லை. இவர் காசு வாங்கத் தெரியாதவரா என்றால், நன்றாகத் தெரிந்தவர். மாலையில் டியூஷன் எடுத்தால் மாதக் கட்டணம் உண்டு. ஒரு மாதம் பாக்கி வைத்த பெற்றோருக்கு நினைவூட்டலும் உண்டு. தொடக்கப்பள்ளிக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும் வரை பயிற்சி நூல் எழுதித் தந்தவர்கள் இதே வாத்தியார்கள்தாம். அங்கே முதல் கேள்வியே 'பக்கத்துக்கு எவ்வளவு?' என்பதுதான். தவறு சொல்லவில்லை, அதுதான் முறை. மலாய்க் கடிதத்தைத் தமிழாக்கித் தரச் சொன்னாலும், திருமணத்தில் அறிவிப்பாளராக நிற்கச் சொன்னாலும் உறை எதிர்பார்ப்பார். கதை, கவிதை, கட்டுரை என்று வந்தால் மட்டும் கை பின்னால் போய்விடுகிறது. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக முறுக்கும் கடலையும் செய்து விற்கின்றன, அவர்களில் ஒருவர்கூட "நான் காசுக்கா வறுக்கிறேன்?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. அதனால் கடலையின் சுவை குறைந்துவிட்டதாகவும் யாரும் புகார் சொல்லவில்லை.

இவருடைய வம்சத்தைப் பார்த்தால் இந்தக் கூச்சம் இன்னும் விநோதம். 1877-இல் பேராவின் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதிலிருந்து இந்த மாநிலத்துத் தமிழனின் வரலாறே கூலிக் கணக்கின் வரலாறுதான். விடியும் முன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்தால் அங்கே நிறுவை நடக்கும். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சோதனை நடக்கும். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. மழை வந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட நிறுவையில் முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாளியை எடுப்பாள். குறைந்தால் கிராணியாரிடம் சண்டைதான். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்த பிறகும் பேச்சு கூலியைப் பற்றித்தான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். காசைப் பேசியதால் அந்த மனிதர்கள் யாரும் சிறுத்துப் போகவில்லை. தோட்டத்து வாழ்க்கையை உருக உருக எழுதும் பேரன், பாட்டி நிறுவை முள்ளை முறைத்துப் பார்த்த காட்சியை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தை நிறுக்காமலே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்.

"பத்திரிகையே நொடிந்து கிடக்கு, அவங்ககிட்ட எப்படிக் கேக்கிறது?" என்பது அவருடைய முதல் பதில். இதில் நியாயம் இருக்கிறது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றேவிட்டது. தமிழ்ப் பத்திரிகைக்கு விளம்பரம் குறைவு, தமிழ் படிக்கும் இளைஞர்கள் கைப்பேசியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனாலும் நொடிந்த பத்திரிகை காகிதக்காரருக்குக் கொடுக்கிறது. அச்சுக்கூடத்துக்கும், லோரிக்கும், மின்சாரத்துக்கும் கொடுக்கிறது. கொடுக்காவிட்டால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் காரணம். நிறுத்தாத ஒரே ஆள் எழுத்தாளர்; அதனால் பட்ஜெட்டில் அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை. இவருடைய சொந்த நூல் வெளியீட்டு விழாவைப் பாருங்கள். மண்டபத்துக்கு வாடகை, ஒலிபெருக்கிக்கு வாடகை, பதாகை, மாலை, பொன்னாடை, இருநூறு பேருக்கு மீ கோரெங், நிகழ்ச்சியைப் படம் பிடிப்பவருக்குச் சம்பளம். எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, மேடையில் டத்தோ ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு ஓர் உறையை நீட்டுவார். அதை இவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாசகன் கொடுக்கும் இருபத்தைந்து வெள்ளிக்குக் கூசுகிற கை, புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கப் போகாத ஒருவர் கொடுக்கும் பணத்துக்குக் கூசுவதில்லை. இந்த ஏற்பாட்டில் எழுத்தாளர் யாருக்குக் கடமைப்பட்டவர் ஆகிறார் என்பதை யோசித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

இரண்டாவது பதில் இன்னும் கனமானது: அந்தக் காலத்துத் தோட்டத்து எழுத்தாளர்கள் என்ன, வாங்கியா எழுதினார்கள்? பெரும்பாலும் இல்லை. மலேசியத் தமிழ் இலக்கியத்தை உண்டாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு வேலையில் இருந்துகொண்டு எழுதியவர்கள்தாம். வாத்தியார்களும் கிராணிகளும் இல்லையென்றால் அந்த இலக்கியமே இல்லை. ஆனால் அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினார்கள். தோட்டத்திலிருந்து வந்த கதையை வரி வரியாகப் பார்த்து, இது கதை, இது கதையாகவில்லை, இங்கே சறுக்குகிறது என்று எழுதியவரைத் தரம் பிரித்துச் சொன்னார்கள். 1952-இல் அதே பத்திரிகைக்குச் சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமி ஆசிரியராக வந்து, ஐந்தாண்டு இருந்து, இலக்கிய வட்டம் நடத்தினார். அப்படி ஒருவர் உங்கள் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் திட்டுவார் என்றால் சன்மானம் இல்லாமலே எழுதலாம்; சொல்லப்போனால் நாம் அவருக்குக் கொடுக்கவேண்டும். இன்றைக்கு இவருக்குப் பணமும் இல்லை, திட்டும் இல்லை. புலனத்தில் கைகூப்பும் படங்கள் நாற்பது வரும், அவ்வளவுதான்.

அரசு வேலையில் இருப்பவர் என்பதால் சட்டத்தையும் இழுப்பார். அரசு ஊழியர்களுக்கான 1993-இன் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறையில் 5-ஆம் விதி வெளிவேலைக்கு முன்னனுமதி கேட்கிறது, உண்மை. அனுமதி கேள் என்கிறதே தவிர எழுதாதே என்று சொல்லவில்லை. டியூஷன் எடுக்கும்போது அந்த 5-ஆம் விதி இவர் நினைவுக்கு வருவதும் இல்லை. மற்றபடி அரசாங்கம் எழுத்தாளருக்குக் காட்டும் தாராளம் கண்ணீர் வரவழைக்கும். இலக்கிய நூலுக்கு வரும் ரோயல்டியில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு. நம்மவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவாரோ என்று வருமான வரி வாரியம் தூக்கம் கெடத் தேவையில்லை. 1987-இன் காப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுவரை அவர் உரிமையைக் காக்கிறது. உயிரோடு இருக்கும்போதே வேண்டாம் என்றவருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி வா என்று யாரும் இவரை அழைக்கவில்லை. எழுத்தை மட்டும் நம்பிய புதுமைப்பித்தன் 1948-இல் எப்படிச் செத்தார் என்பது தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். மாதச் சம்பளம் நல்லது. அதன் துணையோடுதான் சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளை நிரப்பினார். இங்கிலாந்தில் நாவலாசிரியர் ஆண்டனி டிராலோப் 1834-இல் தபால் இலாகாவில் கிராணியாகச் சேர்ந்து 33 ஆண்டு வேலை பார்த்தார். விடிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார். அவர் இறந்த பிறகு 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் எந்த நாவலுக்கு எவ்வளவு வாங்கினார் என்று பட்டியலே போட்டிருந்தார். மொத்தம் ஏறத்தாழ 69,000 பவுன். அந்தப் பட்டியலால் அவர் பெயர் கெட்டது, மளிகைக்கடைக் கணக்கு எழுதுகிறவன் கலைஞனா என்று முகம் சுளித்தார்கள். நம்மவர் இதைச் சொல்லிக் காட்டி வெற்றிப் புன்னகை செய்யலாம். ஆனால் முகம் சுளித்தவர்களில் எத்தனை பேரை இன்று யாருக்காவது தெரியும்? டிராலோப்பை இன்றும் அச்சுப் போட்டு, விலை வைத்து விற்கிறார்கள்.

பணம் கையை அழுக்காக்கும் என்பது இவருக்கே நம்பிக்கையில்லாத வாதம் என்றால், ஏன் வேண்டாம் என்கிறார்? எனக்குத் தோன்றுவது இதுதான். காசு கொடுத்து வாங்கியவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வந்துவிடுகிறது. "இரண்டாம் பத்தி புரியல, வேற மாதிரி எழுதுங்க", "இது போன வருசம் எழுதினதுதானே", "எண்ணூறு சொல் கேட்டோம், ரெண்டாயிரம் வந்திருக்கு" என்றெல்லாம் ஆசிரியர் சொல்லலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க யாருக்கும் வாயில்லை. இலவசம்தான் இவருக்குக் கோட்டை. இருபது ஆண்டு பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போட்டவருக்குத் தன் கட்டுரையில் ஒரு கோடு விழுவதைத் தாங்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது கோபம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிந்து, தோட்டத்துச் சனம் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்தபோது, எந்த லயத்தில் எந்த மாரியம்மன் கோயில் இருந்தது, தீமிதிக்கு யார் முதலில் இறங்குவார், தீபாவளிக்கு எந்தக் கடையில் கடன் என்று குறித்து வைத்தவர் இவர்தான். பேராவில் 130-க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, நாட்டிலேயே அதிகம். அவற்றில் பலவற்றின் வரலாறு இவர் எழுதிய ஆண்டு மலர்க் கட்டுரையில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கும் சல்லிக் காசு வாங்கவில்லை. அந்தக் கட்டுரைகளில் ஆண்டுகள் மாறிக் கிடக்கின்றன, பெயர்கள் தப்பாக இருக்கின்றன, சரிபார்க்கச் சொல்ல ஆளில்லை.

இவர் ஒருவரோடு நின்றால் விட்டுவிடலாம். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண் ஒருத்தி எழுத வருகிறாள், கிராப் ஓட்டிக்கொண்டு ஒரு பையன் எழுத வருகிறான். இவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. கட்டுரைக்கு ஐம்பது வெள்ளி கிடைத்தால் ஒரு நாள் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு இன்னொரு கட்டுரைக்கு நூலகம் போகலாம், நாலு பேரைப் பார்த்துக் கேட்கலாம். அவர்கள் தயங்கித் தயங்கிச் சன்மானம் உண்டா என்று கேட்டால், "வாத்தியார் சும்மாவே கொடுக்கிறாரே, உங்களுக்கு என்ன?" என்று பதில் வருகிறது. பையன் இரண்டு தடவை எழுதுவான், மூன்றாம் தடவை காடி ஓட்டப் போய்விடுவான். பிறகு, இளைஞர்கள் எழுத வருவதில்லை என்று வாத்தியார் ஒரு கட்டுரை எழுதுவார், படத்தோடு. சம்பளக்காரரின் பெருந்தன்மைக்கு விலை கொடுப்பவர்கள் சம்பளமில்லாதவர்கள். அவர் கெட்டவர் இல்லை, இதை அவர் யோசித்ததே இல்லை. இவ்வளவு யோசிப்பவர் இதை மட்டும் யோசிக்காததுதான் எரிச்சலாக இருக்கிறது.

"எனக்குத்தான் வசதி இருக்கே, நான் ஏன் வாங்கணும்?" என்பார் கடைசியாக. வாங்க வேண்டும். முப்பது வெள்ளி என்றாலும் வாங்க வேண்டும், கட்டுரையோடு ஒரு விலைப்பட்டியலும் அனுப்ப வேண்டும், இரண்டு மாதம் வராவிட்டால் டியூஷன் பாக்கியைக் கேட்பதுபோல் போன் போட்டுக் கேட்க வேண்டும். வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் நேரே குனோங் சீரோவுக்குப் போய்க் கல்லுமலை முருகன் உண்டியலில் போட்டுவிடட்டும், முருகன் எதுவும் சொல்லப் போவதில்லை. பத்திரிகையின் செலவுக் கணக்கில் மட்டும் காகிதத்துக்கும் லோரிக்கும் கீழே எழுத்துக்கு என்று ஒரு வரி விழட்டும். படம் போடுவது தனி. அதை யாரும் அவரிடமிருந்து பறிக்கப் போவதில்லை, கன்னத்தில் கைவைத்ததையே போடச் சொல்லலாம்.