எங்கே, ஒரு தடவை அடிங்க பார்க்கலாம்

தாம்பரம் பக்கம் கூட்டம் சேர்க்க மேடை, மைக், பிரியாணிப் பொட்டலம் எதுவும் வேண்டாம். காரின் பானெட்டைத் தூக்கி வைத்தால் போதும். போன ஞாயிறு காலை, சேலையூரில் எங்கள் தெருமுனையில், நான் தூக்கி வைத்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கார் கிளம்பாததில் எனக்கு வருத்தமே இல்லை. நம்மூர் வெயிலில் பேட்டரி நாலு வருஷம் ஓடினால் அதுவே புண்ணியம். சாவியைத் திருப்பினேன், செல்ஃப் முனகியபடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது, ஆனால் கொஞ்சம் உயிர் பாக்கி. பானெட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்றேன். கார் பற்றிய என் அறிவு அத்தோடு சரி.

"என்ன சார், ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகல சார்."

"எங்கே, ஒரு தடவை அடிங்க பார்க்கலாம்."

அடித்தேன். வாக்கிங் போனவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, டிசம்பர் சபாவில் முன்வரிசை ரசிகர் ஆலாபனை கேட்பதுபோல் கேட்டார். "பேட்டரிதான்" என்றார். அடுத்து பால் பாக்கெட் போடுகிறவர். முந்தைய கச்சேரி அவர் கணக்கில் வராது. அவருக்குத் தனியாக அடிக்க வேண்டும். "எலி ஒயரைக் கடிச்சிருக்கும், புகையிலை வைங்க." இஸ்திரி வண்டிக்காரர் ஒரு தடவை கேட்டார். "பெட்ரோல் இருக்கா?" கேம்ப் ரோடு ஷேர் ஆட்டோக்காரர், சவாரியை உட்கார வைத்துவிட்டு ஒரு தடவை. "எல்லாம் இந்த இ20 பெட்ரோல் பண்ற வேலை சார்." மாடியிலிருந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரரும் லுங்கியை மடித்துக்கட்டி இறங்கி வந்தார். மேலே சரியாக விழவில்லையாம்.

ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எரிய ஒன்பது பத்து ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ நூறுக்கு மேல். ஆளுக்கொரு தடவை அடித்தால் என்ன ஆகும்? முனகல் 'டிக் டிக்' ஆனது. டாஷ்போர்டு விளக்கு மங்கியது. மறுக்கவும் முடியாது, நாளைக்கும் இதே தெருவில்தானே குடியிருக்க வேண்டும்?

பழுது பேட்டரியிலா செல்ஃபிலா என்று சாவியைத் தொடாமலே கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் ஸ்டாண்டர்டு கம்பெனிப் பெரியவர் வந்துவிட்டார்.

பெருங்களத்தூரில் இப்போது ஐ.டி. வளாகம் நிற்கும் இடத்தில் கார் செய்தவர். 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000க்கு ரோவர் உடம்பு மாட்டி, உள்ளே பழைய வேன்கார்டு எஞ்சினையே வைத்த துக்கத்தை முதலில் சொல்லி முடித்தார். பிறகு, "எங்க ஹெரால்டா இருந்தா ஹேண்டில் போட்டுச் சுத்தினா கிளம்பிடும். எங்கே, ஒரு தடவை அடிங்க" என்றார். 1912இல் கேடிலாக் காரில் கெட்டரிங் என்பவர் செல்ஃபைக் கொண்டுவரும்வரை உலகமே ஹேண்டில்தான் சுற்றியது. அது திருப்பி உதைத்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். இருந்தாலும் நல்ல காலம் அது. 'ஒரு தடவை அடிங்க' என்றவர் கையிலேயே ஹேண்டிலைக் கொடுத்திருக்கலாம்.

"செகண்ட் கியர் போட்டுத் தள்ளிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

பெரியவருக்கு முழங்கால் வலி. மற்றவர்களுக்கு வேலை இருந்தது.

மிஞ்சியவர் முடிச்சூர்க்காரர் ஒருவர். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீரில் கார் மூழ்கப் பார்த்தவர். 2024 அக்டோபரில் மழை என்று செய்தி வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர். "சாவியைத் தொடாதீங்க. எஞ்சின்ல தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்" என்றார். மே மாதம். தெருவில் ஈரமே இல்லை. ஆனாலும் அன்று காலை கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். அவர் வந்தபோது 'டிக்' சத்தமும் நின்றுபோயிருந்தது.

எனவே ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், குரோம்பேட்டை வாழ் பெருமக்களே, பானெட் திறந்த காரைப் பார்த்தால் ஜம்பர் கேபிள் வைத்திருப்பவர்கள் மட்டும் நில்லுங்கள். தள்ளத் தயாராக இருப்பவர்களும் நிற்கலாம். மற்றவர்கள் தயவுசெய்து பார்க்காத மாதிரி போய்விடுங்கள்.