சுரங்கத்துக்குள் ஒரு பென்ஷன் செக்‌ஷன்

அமெரிக்க அரசின் பணியாளர் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் வேலை கேட்டு அலைந்த ஓர் ஆசாமி. பெயர் சார்ல்ஸ் கிட்டோ. சுழியைப் பேனாவால் போடாமல் துப்பாக்கியால் போட்டுவிட்டார்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆட்சி மாறினால் தபால் ஆபீஸ் வரைக்கும் ஆள் மாறும். ஜெயித்த கட்சிக்குக் கொடி பிடித்தவனுக்கு ஒரு நாற்காலி. பணியாளர் தேர்வு விதிமுறை அவ்வளவுதான். 1880 தேர்தலுக்கு கிட்டோ ஒரு பிரசங்கம் எழுதினார். கிராண்ட்தான் வேட்பாளர் என்று நம்பி எழுதியது. கட்சியோ கார்ஃபீல்டை நிறுத்திவிட்டது. கிட்டோ அசரவில்லை. தலைப்பில் பெயரை மாற்றினார், உள்ளே அங்கங்கே தட்டிக்கொட்டினார், அச்சுக்குக் கொடுத்துவிட்டார். கார்ஃபீல்டு ஜெயித்தார். தன் பிரசங்கத்தால்தான் ஜெயித்தார் என்று கிட்டோ கணக்குப் போட்டுக்கொண்டார். இந்த மாதிரிக் கணக்கு நம் ஊர்ப் பேச்சாளர்களுக்கும் அத்துப்படி. கூலியாக வியன்னாவில் தூதர் பதவி கேட்டார். பிறகு பெரிய மனது பண்ணி, பாரிஸில் கான்சல் வேலை கிடைத்தால்கூடப் போதும் என்று இறங்கி வந்தார். வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்குமாக நடையாய் நடந்தார். ஒருநாள் வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் பொறுமை இழந்து, இனி பாரிஸ் பேச்சே எடுக்கக் கூடாது என்று விரட்டிவிட்டார். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கிட்டோ ஜனாதிபதியைச் சுட்டார்.

கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்தார். நடுவில் டாக்டர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள் என்பது தனிக் கதை. அடுத்து ஜனாதிபதி ஆனவர் செஸ்டர் ஆர்தர். இவர் யார் என்றால், கட்சிக்காரர்களுக்கு வேலை போட்டுக்கொடுப்பதில் பேர்போன நியூயார்க் சுங்கத் துறைக்குத் தலைவராக இருந்து, அதற்காகவே பதவியை விட்டுத் தூக்கப்பட்டவர். அந்த மனிதர்தான் 1883 ஜனவரியில், தேர்வு எழுதித்தான் அரசு வேலைக்கு வர வேண்டும் என்ற பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பாலுக்குக் காவலாகப் பூனையை வைத்தார்கள். பூனை ஆச்சரியமாக ஒழுங்காகக் காவல் காத்தது.

மூன்று கமிஷனர்களோடு பணியாளர் ஆணையம் பிறந்தது. தேர்வு என்று வந்ததும் விண்ணப்பம் வந்தது, விடைத்தாள் வந்தது, ஆளுக்கொரு பைல் வந்தது. ஆள் வேலைக்கு வருவான், போவான், செத்தும் போவான். பைல் மட்டும் போகாது. இதைக் கணக்கில் எடுத்துத் திட்டம் போட்ட புண்ணியவான் ஒருத்தரும் இல்லை என்பதுதான் அடுத்த 140 ஆண்டுச் சரித்திரம்.

அந்தக் காலத்தின் பெரிய தலைவலி உள்நாட்டுப் போர் வீரர்களின் பென்ஷன். குமாஸ்தாக்கள் பெருகிக்கொண்டே போக, அவர்களுக்கு ஒரு கட்டிடம் கட்டும் பொறுப்பை ஜெனரல் மாண்ட்கோமரி மெய்க்ஸிடம் கொடுத்தார்கள். ராணுவத்துக்கே தளவாடம் சப்ளை செய்த மனிதருக்குச் சின்னதாக யோசிக்க வராது. ஒன்றரைக் கோடிக்கு மேல் செங்கல். 75 அடி உயரத் தூண்கள். வெளிச்சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குப் போர்வீரர்கள் அணிவகுத்துப் போகும் சிற்பம். நல்ல காற்று வந்தால் குமாஸ்தா லீவு போட மாட்டான் என்பது மெய்க்ஸின் சித்தாந்தம்; அதற்காக ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் செங்கல்லை எடுத்துவிட்டு ஓட்டை வைத்தார். நடுக்கூடத்தின் பிரமாண்டத்தைப் பார்த்த அரசியல்வாதிகளுக்கு பென்ஷன் ஞாபகமே வரவில்லை, நடனம்தான் ஞாபகம் வந்தது. கூரை முடிவதற்கு முன்பே, 1885இல், ஜனாதிபதி பதவியேற்பு நடன விழாவை அங்கே நடத்திவிட்டார்கள். கட்டிடம் தீப்பிடிக்காது என்று மெய்க்ஸ் பெருமைப்பட்டதாகவும், அதுதான் இதில் ஒரே குறை என்று ஜெனரல் ஷெரிடன் அங்கலாய்த்ததாகவும் ஊரில் ஒரு கதை உண்டு.

சரி, இந்த பென்ஷன் எத்தனை ஆண்டு ஓடும்? போர் முடிந்தது 1865இல். கிழட்டுச் சிப்பாய்கள் சின்னப் பெண்களைக் கட்டிக்கொள்வார்கள் என்று எந்தத் திட்டத்திலும் இல்லை. உள்நாட்டுப் போர்க் கணக்கில் பென்ஷன் வாங்கிய கடைசி ஆள் ஐரீன் டிரிப்லெட், ஒரு சிப்பாயின் மகள். மாதம் 73 டாலர் 13 சென்ட். அவர் இறந்தது 2020இல். அதற்கு வெகுகாலம் முன்பே பென்ஷன் குமாஸ்தாக்கள் காலி செய்துவிட்ட மெய்க்ஸின் மாளிகை மியூசியமாகியிருந்தது.

ராணுவத் துறையின் பைல்களுக்கு இந்த ராஜயோகம் இல்லை. லிங்கன் சுடப்பட்ட பிறகு நாடகம் நின்றுபோன ஃபோர்ட்ஸ் தியேட்டரை அரசு வாங்கி, அதற்குள் மாடி போட்டு, படைவீரர்களின் ஆவணங்களையும் குமாஸ்தாக்களையும் அடைத்தது. அடித்தளத்தில் தோண்டிக்கொண்டிருந்தபோது, 1893 ஜூன் 9 அன்று மாடிகள் சரிந்தன. 22 பேர் செத்தார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மேலே வேலை நடக்கும்போதே கீழே அஸ்திவாரத்தைத் தோண்டலாம் என்று முடிவெடுத்தவர்களைத் திட்டத்தான் முடியும்.

காகிதத்துக்கு எடை உண்டு என்பது அதற்குப் பிறகு கொஞ்சம் உறைத்தது. 1936இல் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்காகக் கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கணக்கைத் தொடங்கியபோது, அவ்வளவு பாரம் தாங்கும் தளம் வாஷிங்டனில் அகப்படாமல் பால்டிமோரில் துறைமுகத்தை ஒட்டிய கேண்ட்லர் கட்டிடத்துக்குப் போனார்கள். கொக்கோகோலா முதலாளி பெயரில் நின்ற கட்டிடம் அது.

எடைக்கு வழி பண்ணியாயிற்று. அடுத்து நெருப்பும் தண்ணீரும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைவீரர்களின் பணிப் பதிவேடுகள் மலையாகக் குவிந்தன. நம்மூரில் சர்வீஸ் ரெஜிஸ்டர் என்று கும்பிடுகிறோமே, அதே ஜாதி. செயின்ட் லூயிஸ் அருகே ஓர் ஆறு மாடிக் கட்டிடம் 1956இல் எழுந்தது. வடிவமைத்தவர்களில் ஒருவர் மினோரு யமாசாகி. பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வரைந்தவர். திட்டத்தில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டும் குழாய் வைப்பதா, வேண்டாமா? அந்தக் காலத்து நூலகர்கள், ஆவணக் காப்பாளர்கள் மத்தியிலேயே இதில் இரண்டு கட்சி. குழாய் ஒழுகினால் காகிதம் நனையுமே என்பது ஒரு கட்சியின் கவலை. பெண்ணைப் பெற்றவர்கள்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் அந்தக் கட்சி ஜெயித்தது. குழாய் இல்லை. நீண்டு கிடந்த கூடத்தில் நெருப்பைத் தடுக்கக் குறுக்குச் சுவரும் இல்லை. பதிவேடுகளுக்கு நகல் இல்லை. மைக்ரோஃபிலிம் இல்லை. மற்றபடி திட்டம் பிரமாதம்.

1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிய வேளையில் ஆறாவது மாடியில் தீ. முழுசாக அணைய நான்கு நாளுக்கு மேல் ஆயிற்று. தீயணைப்புப் படைகள் லட்சக்கணக்கான காலன் தண்ணீரை உள்ளே பாய்ச்சின. ஒரு குழாய்ச் சொட்டுக்குப் பயந்து கட்டிய கட்டிடத்தில் மாடிப்படி வழியாக வெள்ளம் இறங்கியது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் பதிவேடுகள் வரை போயின. 1912 நவம்பர் முதல் 1959 கடைசி வரை ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பைல்களில் 80 சதவீதம் சாம்பல். விமானப் படையில் விதி அகரவரிசையில் வேலை செய்தது: 1947க்கும் 1963க்கும் இடையே விலகியவர்களில், ஹப்பர்ட் என்ற பெயருக்கு முன்னால் வருகிறவர்கள் தப்பித்தார்கள், பின்னால் வந்தவர்களின் பைல்களில் முக்கால்வாசி காணாமல் போயிற்று. ஆண்டர்சன் என்று பெயர் வைத்த அப்பனை மனசார வாழ்த்திய சிப்பாய்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

மிஞ்சியது ஈரக் காகிதம். பூஞ்சை பிடிப்பதற்குள் உலர்த்தியாக வேண்டும். பால் பாக்கெட் அடுக்குகிற பிளாஸ்டிக் கூடைகளில் பைல்களை அடுக்கி, மெக்டானல் டக்ளஸ் விமானக் கம்பெனியின் வெற்றிட அறைக்குள் தள்ளினார்கள். விண்வெளிக் கலங்களைச் சோதிக்கக் கட்டிய அறை அது. விண்வெளிக் கலங்களுக்கான இடத்தில் சிப்பாய்களின் லீவு கணக்கு காய்ந்தது. செக்‌ஷனுக்கு எதிர்காலத்தில் என்னென்ன சாதனங்கள் தேவைப்படும் என்று பட்டியல் எழுதிய எந்த ஹெட் கிளார்க்குக்கும் இது தோன்றியிருக்காது.

இதற்கிடையில் சிவில் ஊழியர்களின் பைல்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த பணியாளர் ஆணையம் 1960இல் வேறு மாதிரி யோசித்திருந்தது. இடிந்து விழ வேண்டுமென்றால் அது மேலே இருக்க வேண்டும். எனவே கீழே போவோம். பென்சில்வேனியாவில் போயர்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் எஃகுக் கம்பெனி தோண்டி முடித்த ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருந்தது. 230 அடி ஆழம். இடம் தாராளம். அணுகுண்டுப் பயம் பிடித்த காலம் வேறு. ஓய்வு பெறுகிற ஊழியர்களின் பைல்கள் அங்கே குடி போயின. பின்னால் 600 ஊழியர்களும் 28,000 பைல் பீரோக்களும் அந்தப் பாறைக்குள் இருந்தார்கள். ஓய்வூதிய விண்ணப்பங்கள் நாட்டின் நாலா திசையிலிருந்தும் வரும். கையோடு கை மாறி, குகைக்குக் குகை நகரும். ஏதாவது ஒரு தாள் குறைந்தால் நின்றுவிடும். ஆண்டுக் கடைசியில் ஓய்வு பெறுகிற வழக்கத்தால் ஜனவரியில் குவிந்துவிடும்.

கம்ப்யூட்டர் வாங்கவில்லையா? வாங்காமலா! 1987இல் ஒரு திட்டம் தொடங்கி 1996இல் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே இன்னொன்று. 2008இல் அது ஓடத் தொடங்கியதும் கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டது. ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். நூறு மில்லியன் டாலருக்கு மேல் கரைந்தது. எஞ்சினியர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. காங்கிரஸ் சபை 1920இல் ஒரு பென்ஷன் சட்டம் போட்டது, 1986இல் இன்னொன்று. நடுவிலும் பிறகும் தீயணைப்பு வீரருக்கு ஒரு கணக்கு, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவருக்கு ஒரு கணக்கு, ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கு ஒரு கணக்கு. இத்தனை விதிவிலக்கையும் தலையில் வைத்திருந்தது சுரங்கத்தில் உட்கார்ந்த குமாஸ்தாதான். 1977இல் ஒரு பைலை முடிக்கச் சராசரியாக 61 நாள் ஆயிற்று. 2013இலும் 61 நாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

2025 பிப்ரவரியில் ஈலான் மஸ்க் ஜனாதிபதி அலுவலகத்தில் நின்றுகொண்டு, சுரங்க லிஃப்ட்டின் வேகம் எவ்வளவோ அவ்வளவு பேர்தான் மாதம் ஓய்வு பெற முடியும் என்று உலகத்துக்கே அறிவித்தார். போயர்ஸ் ஊழியர்கள் பல்லாண்டாகச் சுரங்கத்துக்குள் காரையே ஓட்டிக்கொண்டு போய்த்தான் வேலை பார்க்கிறார்கள்.

அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்னால், 2015இல், பழைய ஆணையத்தின் வாரிசான பணியாளர் துறை வேறொரு காரணத்துக்காகத் தலைப்பில் வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த பின்னணி விசாரணைக் கோப்புகளை யாரோ வெளியிலிருந்தபடியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்கள். 56 லட்சம் பேரின் கைரேகைகள். இயக்குநர் அம்மாள் ராஜினாமா செய்தார். பீரோக்களுக்குள் கிடந்த காகிதத்தை மட்டும் திருடர்களால் தொட முடியவில்லை. அதைத் திருட வேண்டுமென்றால் லாரி பிடித்து, போயர்ஸ் வரைக்கும் வந்து, எது எந்த பீரோவில் இருக்கிறது என்று முதலில் செக்‌ஷனில் கேட்க வேண்டும்.

இப்போது ஓய்வூதிய விண்ணப்பத்தை இணையத்திலேயே போடச் சொல்லிவிட்டார்கள். சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஊழியர்களும் அரசு ஊழியர்கள்தான், அவர்களுக்கும் வயதாகிறது, அவர்கள் விண்ணப்பமும் அங்கேதான் வந்து சேர வேண்டும். பக்கத்து மேசைதானே என்று எவரும் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.