வாய் பிளத்தல் என்னும் கலை: காணொளிப் பிரசித்தி குறித்த ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

கொற்கைத் துறைமுகம் இன்றைய கொற்கைக் கிராமத்தின் அடியிலேயே கிடக்கிறதா, அல்லது தாமிரபரணி கொண்டுவந்து குவித்த வண்டலின்கீழ் இன்னும் சற்றுத் தள்ளி உறங்குகிறதா என்ற விசாரணையில் நம் வித்துவான்கள் கால்டுவெல் காலந்தொட்டு ஈடுபட்டு, ஒருவரை மற்றொருவர் மறுத்தும், மறுத்தவரை முன்னவர் மறுபடி மறுத்தும் வந்திருக்கிறார்களேயன்றி, அதே கரையிலிருந்து ஒரே நாளில் ஒரே காற்றில் புறப்பட்டு ஒரே அளவு சீலாவைப் பிடித்துத் திரும்புகிற இரண்டு வள்ளங்களில், ஒன்றின் காணொளியை லட்சம் பேர் பார்ப்பதும் மற்றதன் காணொளியை அந்த வள்ளக்காரரின் மைத்துனர் மட்டுமே பார்ப்பதும் ஏன் என்ற கேள்வியை அவர்களில் ஒருவரும் தீண்டத் துணியவில்லை. இந்தப் பெருங்குறையை நீக்குவதற்கே இவ்வாராய்ச்சி எழுந்தது. (ஆதாரம்: தூத்துக்குடி திரேஸ்புரம் டீக்கடை பெஞ்சு, இடது ஓரம், வாய்மொழி.)

இத்துறையின் ஆதி நூல் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று யூடியூபில் ஏற்றப்பட்டது. கலிபோர்னியாவின் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில் ஒருவர் யானைகளின் முன் நின்று, அவற்றின் தும்பிக்கை மிக நீளம் என்று சொல்லி முடிக்கும் 19 விநாடிப் படம் அது. யானையின் தும்பிக்கை நீளமென்பது நம் நாட்டில் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது என்பதை அடக்கத்தோடு குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

பிரசித்தர் ஐவகையினர். சமைத்துக் காட்டுவோர் முதல்வகை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வயல்வெளியில் 2018-இல் அடுப்பு மூட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டிய முதல் தமிழ் சேனலாகி இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது. இரண்டாவது, சாப்பிட்டுக் காட்டுவோர். வாய் நிறைந்திருப்பதால் பேட்டி கிடைக்கவில்லை. மூன்றாவது, விளையாடிக் காட்டுவோர், விளங்கவில்லை, விடப்பட்டது. நான்காவது, பிறரைத் திட்டிக் காட்டுவோர். இவர்கள் ஆராய்ச்சியாளர்களின் நேரடி வாரிசுகளாதலால் உறவுமுறை கருதி மௌனம் சாதிக்கிறேன். ஐந்தாவது, தங்கள் தொழிலைச் செய்து காட்டுவோர். நம் ஊர்க் கடலைக் காட்டும் ‘தூத்துக்குடி மீனவன்’, இராமநாதபுரம் கரையைக் காட்டும் ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ ஆகிய சேனல்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கடலையே காணாத கொங்குநாட்டுக் குடும்பமொன்று இரவுச் சாப்பாட்டின்போது இவற்றைப் பார்த்து, பாறை மீனுக்கும் விளமீனுக்கும் வேற்றுமை கற்றுக்கொள்கிறதென்றால், நம் சர்வகலாசாலைகள் எதையேனும் இத்தனை பேருக்குக் கற்பித்ததுண்டா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை.

இனி, பிரசித்தி எவ்வாறு உற்பத்தியாகிறது? இதற்கு விடைகாண, முத்து எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதை அறிவதே நேர்வழி. ஸ்வாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்து மிதக்கும் சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது ஆன்றோர் பக்ஷம். அப்படியன்று, நாடாப்புழுவின் இளங்குஞ்சு உள்ளே புகுந்து உறுத்த, உறுத்தல் தாளாமல் சிப்பி அதைச் சுற்றிப் பூசி மூடுவதே முத்து என்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாச் சிப்பிகளை ஆராய்ந்த ஹெர்ட்மனின் பக்ஷம். மழையும் வேண்டாம் புழுவும் வேண்டாம், நாமே ஒரு கருவை வைத்துவிடலாம் என்று 1973-இல் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் பக்ஷம். காணொளிக்கும் இவை மூன்றுமே பொருந்துகின்றன: மைத்துனரைத் தவிர எவரும் பாராதவர், அடுத்த வள்ளக்காரருக்கு ஸ்வாதித் துளி விழுந்துவிட்டது என்கிறார், உறுத்துகிற மாதிரி எதையாவது பேசிவைத்தால் ஊரே வந்து மறுமொழியால் பூசி மெழுகிவிடும் என்பது நான்காம் வகையினரின் அனுபவம், விலை கொடுத்து வாங்கிய சப்ஸ்கிரைபர்கள் மூன்றாம் பக்ஷத்தில் அடங்குவர். இதை இழிவாகப் பேசும் பண்டிதர்களுக்கு ஒரு வார்த்தை: ஆய்விதழ்களில் ஒருவர் மற்றவரை மேற்கோள் காட்டுவதும், அவர் தமது அடுத்த கட்டுரையில் இவரைக் காட்டி நன்றிக்கடன் தீர்ப்பதும், அந்த எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிப் பதவி உயர்வு கேட்பதும், ‘நீ என்னை சப்ஸ்கிரைப் செய், நான் உன்னைச் செய்கிறேன்’ என்பதற்கு எவ்வகையில் மேம்பட்டது?

சிப்பி வாயைத் திறந்தால்தானே துளி விழும்? இங்கேதான் இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை உள்ளது. காணொளியின் முகப்பில் ஒட்டப்படுகிற தம்ப்நெயில் என்னும் படத்தில், அதன் கர்த்தாவானவர் தவறாமல் வாயைப் பிளந்திருக்கிறார். இந்த அகலத்தை விரற்கடை, சாண் முதலிய புராதன அளவைகளால் அளக்க முயன்று தோற்றபின், இவ்வூருக்கே உரியதும், முட்டையின் வெண்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்து கூம்பாக நிற்பதுமான மக்ரூனை அலகாகக் கொண்டேன். அரை மக்ரூன் அகலமெனில் உள்ளே நெத்திலி, ஒரு மக்ரூனெனில் சீலா, இரண்டெனில் சுறா. மூன்று மக்ரூன் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தால் வலையில் ஒன்றுமே இராது. ஆகவே இரண்டுக்கு மேல் வாயின் அகலமும் மீனின் எடையும் எதிர்விகிதத்தில் அமைகின்றன என்பது விதி. (காண்க: இந்த ஆசிரியன் இன்னும் எழுதாத ‘சிப்பி மீமாம்சை’, நான்காம் பாகம்.)

மீனைக் கண்டு வாய் பிளந்ததா, பிளந்த வாயைக் கண்டு மீன் வந்ததா என்பதில் மத்ஸ்ய பூர்வ வாதிகளுக்கும் வக்த்ர பூர்வ வாதிகளுக்கும் தீராத கலகம். முன்னவர்கள் அனுபவத்தையும் பின்னவர்கள் இலக்கணத்தையும் துணைக்கொள்கிறார்கள். ‘பிளந்த வாய்’ என்பதில் ‘பிளந்த’ இறந்தகாலப் பெயரெச்சமாதலால், வாய் மீனுக்கு முந்தியது என்பது பின்னவர்கள் துணிபு. (மேற்படி நூல், கரையான் அரித்த ஏடு, அரிக்காத ஓரம், அவ்வோரத்திலும் கரையான் மனம் மாறித் திரும்பிய இடத்துக்கு மேலே மூன்றாம் வரி.) மீனும் வாயும் வெவ்வேறு நாட்களில் படமெடுக்கப்பட்டு, கரையில் வைத்து ஒட்டப்பட்டவை என்னும் சூன்யவாதிகளும் உளர். (மேற்படி ஏட்டின் மறுபுறம், விளக்கை அணைத்துவிட்டு வாசிக்க, கண் தெரியாதவிடத்து உரையாசிரியர் மௌனத்தையும், அம்மௌனத்துக்கு அவர் மாணாக்கர் எழுதிப் பின்பு வெட்கத்தால் கிழித்த விளக்கத்தையும், கிழித்த தாளில் சுண்டல் மடித்த கடைக்காரரின் கணக்கையும் ஒப்புநோக்குக.) நான் கண்ணாடிமுன் நின்று இரண்டரை மக்ரூன்வரை முயன்று பார்த்தேன். “தாத்தா, பல்செட்டு விழப்போகுது” என்றான் பேரன். பரிசோதனை அத்துடன் முடிந்தது.

முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஜெபிப்போர் இருந்தனர். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போயிற்று என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். அல்காரிதத்தின் வாயைக் கட்டித் தருவதாகக் கட்டணம் வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். அல்காரிதம் 2012 முதல் பார்த்தவர் எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்தையே பெரிதாக மதிக்கத் தொடங்கிற்று; ‘அதைக் கடைசியில் சொல்றேன் மக்களே’ என்ற மகாவாக்கியத்தின் காலத்தை இதைக்கொண்டே நிர்ணயிக்கலாம்.

பங்கீட்டு விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் சர்க்கார் காலத்து முத்துக்குளிப்பில், கல்லைக் காலில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கியவனுக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் நாற்காலியிட்டு அமர்ந்த சர்க்காருக்கு மூன்றில் இரண்டு. யூடியூபோ நெடுங்காணொளி விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55-ஐக் கர்த்தாவுக்குக் கொடுத்து 45-ஐ வைத்துக்கொள்கிறது. சர்க்காரைவிட அது தயாளு என்பது கணிதம். மற்றபடி அது நம் மீது அன்புகொண்டிருப்பதாக நான் சொல்லவில்லை.

இந்தப் பிரசித்திக்கு யோக்கியதை உண்டா என்பது கடைசிக் கேள்வி. அந்நாளில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் குவித்து ஏலம் விட்டார்கள். உள்ளே முத்திருக்கிறதா என்று ஏலம் கேட்டவருக்கும் தெரியாது, விட்டவருக்கும் தெரியாது. வாங்கியபின் அழுகவைத்து, அலசி, கிடைத்த முத்தை 20 துளையிலிருந்து 1,000 துளைவரையுள்ள பித்தளைப் பெட்டிகளில் சலித்தார்கள். லட்சத்துக்கு வெள்ளி, பத்து லட்சத்துக்குத் தங்கம், கோடிக்கு வைரம் என்று யூடியூப் கொடுக்கும் பொத்தான்கள் இந்தப் பெட்டிகளேயன்றி வேறல்ல. (முத்துக்கென்று ஒரு பொத்தான் இல்லாதது இவ்வூருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு.) ஆனால் பெட்டி பருமனை மட்டுமே காட்டும். சலித்து முடித்தபின், பகல் வெளிச்சத்தில் துணிமேல் பரப்பி, உருட்சியையும் ஒளியையும் கண்ணால் பார்த்து, உயர்ந்தது ஆணி என்றும் அதற்கடுத்தது அணாதாரி என்றும் தரம் பிரித்தவர்கள் வேறு ஆட்கள். காணொளி உலகத்தில் இந்த இரண்டாம் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை.

சென்ற மாதம் ஒரு மாலையில் திரேஸ்புரம் கரையில், தரம் பிரிக்கும் பொறுப்பை நானே ஏற்று உட்கார்ந்திருந்தேன். பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட செல்போனை நீட்டிப் பிடித்து, ஒரு பையன் தன் முகத்தையே படமெடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் தகப்பனார் வலையில் சிக்கிய நண்டுகளை விடுவித்துக்கொண்டிருந்தார். கொடுக்கை இரண்டு விரலால் அமுக்கி, கண்ணியைப் பின்னுக்குத் தள்ளினார்; ஒரு கால்கூட ஒடியாமல் நண்டு கூடைக்குள் விழுந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் திரும்பாமலே சொன்னார்: “ஏலே, ஒங்கப்பன் கையக் காட்டுல. ஒம் மூஞ்சிய எவன் பாப்பான்?” பையன் லென்சைக் கைலி ஓரத்தால் துடைத்துவிட்டுப் போனைத் திருப்பினான்.

அன்றிரவு அந்தக் காணொளியைத் தேடிப் பிடித்தேன். என்னையும் சேர்த்து நாற்பது பேர்கூடப் பார்த்திருக்கவில்லை. நான் இரண்டு தடவை பார்த்தேன். கை தெரிகிற இடம் ஏழு விநாடிதான். குறிப்பேட்டில் அதற்கு நேராக ‘ஆணி’ என்று எழுதியிருக்கிறேன். தம்ப்நெயிலில் பையன் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான், ஒன்றரை மக்ரூன்.