ராட்டினம் மறுபடி சுற்றப்போகிறது

மூடிக்கிடந்த கேளிக்கைப் பூங்கா மறுபடி திறக்கப் போகிறதாம். ஊரே பூரித்துப் போயிருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் பழைய புகைப்படங்கள் வலம் வருகின்றன. "ஸ்கூல் டூர்ல போனோமே!" என்று நாற்பது வயதுக்காரர்கள் உருகுகிறார்கள். வாசலில் நிற்கும் பொம்மைக்குப் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று. முதல் வாரம் தள்ளுபடி உண்டா, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்று சூடான விவாதம் நடக்கிறது. ஏன் மூடினார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமாகப் பேசலாமா?

பூங்காவை மூடவும் திறக்கவும் நம்மிடம் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. முதலில் ஏதாவது அறுந்து விழ வேண்டும். விழுந்ததை யாராவது செல்போனில் படம் பிடித்திருக்க வேண்டும். படம் இல்லையென்றால் விபத்தே நடக்கவில்லை. பிறகு தாசில்தார் வருவார், போலீஸ் வரும், சீல் விழும். லீவரைப் பிடித்திருந்த பையனை ஜீப்பில் ஏற்றுவார்கள். யாராக இருந்தாலும் தப்ப முடியாது என்று அறிக்கை வரும். அடுத்த கோடை விடுமுறைக்குள் அரக்கு உருகிவிடும். நம் வெயில் அப்படி.

சென்னையைச் சுற்றிப் பாருங்கள். 2012 அக்டோபரில் பூந்தமல்லி பக்கத்து ஈவிபி பூங்காவில் ஒரு ராட்டினத்தில் ஏறிய இளம் விமானப் பணிப்பெண் உயிரோடு திரும்பவில்லை. இன்று ஈவிபி என்றால் ஊருக்கு நினைவு வருவது பிக்பாஸ் வீடு. அந்த வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று நாள்வாரியாக ஒப்பிப்போம். 2019 ஜூனில் குயின்ஸ்லாந்து பூங்காவில் உயரத்திலிருந்து இறங்கும் ராட்டினத்தின் கேபிள் அறுந்தது. வீடியோவை நாடே பார்த்தது; உயிர் போகாததால் நாடே மறந்தது. 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கம் விஜிபியில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், குழந்தைகளோடு ஏறியவர்கள் மணிக்கணக்கில் தொங்கினார்கள். தீயணைப்புத் துறை ஸ்கைலிஃப்டைக் கொண்டுவந்து எல்லோரையும் இறக்கியது. கட்டிய காசுக்கு மேல் இத்தனை நேரம் உயரத்தில் வைத்திருந்தது நிர்வாகத்தின் தாராளம் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த வரலாற்றில் உச்சம் கிஷ்கிந்தாதான். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் அருகே தொடங்கிய பூங்கா. ஒரு தலைமுறையே அங்கே நனைந்து வளர்ந்தது. அப்பச்சன் 2012இல் காலமானார். 2016 மே மாதம் அங்கே ஒரு ராட்டினத்துக்கு வெள்ளோட்டம் நடந்தது. இயந்திரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். உலகத்தில் இதற்கு மணல் மூட்டை வைப்பார்கள், தண்ணீர் நிரப்பிய பொம்மைகளைக் கட்டுவார்கள். இங்கே ஊழியர்களை உட்காரவைத்தார்கள். ராட்டினம் சரிந்தது. ஒரு ஊழியர் செத்தார், பலர் காயப்பட்டார்கள்.

ஒரு நிமிடம் இதில் நிற்போம். மணல் மூட்டைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், சுமந்து மேலே வைக்க வேண்டும். ஊழியர் தானே நடந்து வந்து, தானே ஏறி, தானே பெல்ட்டும் போட்டுக்கொள்வார். முடியாது என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆக, மணலைவிட மனிதன் மலிவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எந்த ஆடிட்டரும் தேவையில்லை.

நம் பூங்காக்களில் புதுப்பிப்பு என்றால் என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். துருப்பிடித்த இணைப்பின் மேல் வெல்டிங், வெல்டிங் மேல் பட்டி, பட்டி மேல் பளபளக்கும் மஞ்சள் பெயின்ட். இருக்கையைத் தாங்கும் பின் கழன்ற துளையில், வளைத்துச் செருகிய கட்டுக்கம்பி. ராட்டினத்தை ஓட்டுபவர், டிக்கெட் கிழிப்பவர், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பவர் எல்லாம் ஒரே பையன். இவ்வளவுக்கும் பக்கத்தில் ஒரு பலகை மட்டும் எழுத்து மங்காமல் நிற்கும்: விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. பராமரிப்பு என்றால் அதுதான் பராமரிப்பு!

சர்க்கார் சும்மா இருக்கிறது என்று சொன்னால் பாவம். கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் அதிகம் என்று உட்கார்ந்து யோசித்து, 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். முடிவெடுத்தது எல்லா மாநில நிதியமைச்சர்களுக்கும் இடமுள்ள ஜிஎஸ்டி கவுன்சில். டிக்கெட்டில் எத்தனை சதவீதம் வரி என்பதில் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, அந்த டிக்கெட்டை வாங்கியவன் கீழே இறங்கி வருவானா என்பதில் காட்டியிருக்கலாம்.

நமக்கு மட்டும்தான் இந்தச் சாபம் என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத் காங்கரியாவில் 2019 ஜூலையில் ராட்டினம் முறிந்து இரண்டு பேர் இறந்தார்கள். விழித்துக்கொண்டதா குஜராத்? 2024 மே மாதம் ராஜ்கோட்டில் தகரக் கொட்டகை விளையாட்டுக்கூடம் பற்றி எரிந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அது ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கட்டணம் 99 ரூபாய்தான் என்பதால் கூட்டம். குழந்தைகள் உட்பட இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கரிக்கட்டையானார்கள். அதற்குப் பிறகுதான் அவ்வளவு நாளும் காணாமல் போயிருந்த கோப்புகளுக்குக் கால் முளைத்தது.

பூங்கா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மால் தவிரப் போக்கிடம் இல்லாத குடும்பங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் நனைந்து கூச்சல் போட ஓர் இடம் வேண்டும். திறங்கள். ஆனால் ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் மூன்று வரி எழுதி வையுங்கள்: கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்த பொறியாளர் பெயர், சான்றில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் பதவியும். அந்த மூன்று வரிக்கு இடம் இல்லை என்பீர்களேயானால், நிர்வாகம் பொறுப்பல்ல என்ற பலகையைக் கழற்றுங்கள், தாராளமாக இடம் கிடைக்கும். எழுதத் துணிவில்லையென்றால் ரிப்பன் வெட்டவும் வராதீர்கள். பொறுப்பில்லாதவனுக்குக் கத்தரிக்கோல் எதற்கு?